ஜெனரேட்டரில் மட்டும் ஆர்சிசிபி விழுகிறது, வீட்டுக் கரண்டில் விழுவதில்லை (டெம்போ டிராவலர் கேரவன், பெங்களூரு)

சக்கரவீடு (ஹெப்பால்):

வணக்கம். டெம்போ டிராவலரில் கட்டிய கேரவன். இரண்டு பிரேக்கர் தொல்லை இருக்கிறது. இரண்டுக்கும் காரணம் ஒன்றா, வேறு வேறா என்று புரியவில்லை. அதனால் விவரம் எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறேன்.

வெளிக் கரண்டுக்கு இடது பக்கம் இன்லெட், வீட்டில் 16 ஆம்பியர் சாக்கெட்டில் சொருகுவோம். பின் பெட்டியில் 2.8 கேவிஏ பெட்ரோல் ஜெனரேட்டர், அதன் பேனலிலேயே 12 ஆம்பியர் பிரேக்கர். ஜெனரேட்டரின் நியூட்ரலை அதன் பாடியோடு சேர்த்து, பாடியை வண்டியின் சேஸிஸோடு இணைத்திருக்கிறார்கள். இரண்டு சப்ளையும் 2 போல் சேஞ்சோவருக்கு (இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் ஸ்விட்ச்) வந்து, அங்கிருந்து 40 ஆம்பியர் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கரண்டு கசிந்தால் சப்ளையை வெட்டும் பிரேக்கர்). அதற்குக் கீழே நான்கு சிங்கிள் போல் எம்சிபி (ஓவர்லோடு, ஷார்ட்டுக்கு விழும் பிரேக்கர்): ஏசி சி 16, கீசர் சி 16, சாக்கெட் சி 10, இன்வெர்ட்டர் சி 16. இன்வெர்ட்டர் சாதாரண வீட்டு வகைதான், 12 வோல்ட் 2000 விஏ, சார்ஜிங் 60 ஆம்பியர். லித்தியம் பேட்டரி 200 ஏஎச். இன்வெர்ட்டர் அவுட்புட்டில் இருந்து தனிச் சின்ன டிபி (பிரேக்கர் பெட்டி), அதில் லைட், ஃபிரிட்ஜ், டிவி. ஏசி 1 டன், இன்வெர்ட்டர் வகை அல்ல. கீசர் 10 லிட்டர், 2000 வாட்.

முதல் தொல்லை: ஜெனரேட்டரை ஓட்டி சேஞ்சோவரைத் திருப்பினால் ஆர்சிசிபி விழாமல் நிற்கிறது. ஏதாவது ஒரு லோடு போட்டதும் விழுந்துவிடுகிறது. ஏசிதான் என்றில்லை, சாக்கெட்டில் டேபிள் ஃபேன் போட்டாலும் விழும். எம்சிபிகளை ஒவ்வொன்றாக ஆஃப் செய்து பார்த்தும் எது காரணம் என்று பிடிபடவில்லை. வீட்டுக் கரண்டில் எல்லாமே ஓடுகிறது. மழை பெய்த ஒரு நாள், ஜாக்கை இறக்கி நிறுத்தியிருந்தபோது மட்டும் வீட்டிலும் ஒரு முறை விழுந்தது. வயரிங் செய்தவர் "ஆர்சிசிபி கெட்டுப்போச்சு, 100 மில்லிஆம்பியர் போடலாம்" என்கிறார். இப்போதைக்கு ஜெனரேட்டருக்கு ஆர்சிசிபியை பைபாஸ் செய்து கொடுத்திருக்கிறார்.

இரண்டாவது: பைபாஸில் ஓட்டும்போது ஜெனரேட்டரின் 12 ஆம்பியர் பிரேக்கர் 15, 20 நிமிடத்தில் விழுகிறது. எப்போதும் இல்லை. இரவு எங்காவது தங்கி, காலையில் ஏசி போட்டால் பெரும்பாலும் விழும். இதற்கும் 16 ஆம்பியர் போடலாம் என்கிறார்.

என்ன செய்யலாம்?

டாங்டெஸ்டர்:

முதலில் அந்த பைபாஸ். அது இருக்கும்வரை ஜெனரேட்டரில் கீசர் போடாதீர்கள், ஈரக் கையோடு வண்டியைத் தொடாதீர்கள். முடிந்தால் இன்றே எடுத்துவிடுங்கள்.

நீங்கள் எழுதியதில் என்னை உறுத்துவது ஜெனரேட்டரில் விழுவது அல்ல. வீட்டில் விழாமல் இருப்பதுதான். விளக்குகிறேன்.

ஆர்சிசிபி செய்யும் வேலை ஒன்றே ஒன்று. ஃபேஸில் போன கரண்டு முழுவதும் நியூட்ரலில் திரும்பியதா என்று பார்க்கும். 30 மில்லிஆம்பியர் வகை என்றால், 15க்கும் 30க்கும் நடுவில் எங்காவது வித்தியாசம் வந்தால் விழலாம், 30இல் விழுந்தே ஆகவேண்டும். லோடு இல்லாமல் நிற்கிறது, எந்த லோடு போட்டாலும் விழுகிறது என்றால், திரும்பி வரும் கரண்டில் ஒரு பங்கு நியூட்ரலை விட்டு எர்த்து வழியாகப் போகிறது என்று பொருள். அதாவது ஆர்சிசிபிக்குக் கீழே எங்கோ நியூட்ரலும் எர்த்தும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஜெனரேட்டரிலும் நியூட்ரல், பாடியோடு சேர்ந்திருக்கிறது. ஆக இரண்டு இடத்தில் இணைப்பு. திரும்பும் கரண்டுக்கு இரண்டு வழி கிடைத்துவிட்டது. 60 வாட் ஃபேன் இழுப்பது 0.26 ஆம்பியர். அதில் பாதி சேஸிஸ் வழியாகப் போனாலும் 130 மில்லிஆம்பியர். ஆர்சிசிபி விழாமல் என்ன செய்யும்? ஏசி போட்டால் இதே கணக்கு ஆம்பியரில் வரும். 100 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி போட்டாலும் அதே போல விழும், காசுதான் வீண்.

எம்சிபியை ஆஃப் செய்து தேடியது ஏன் பலிக்கவில்லை என்பதும் இதிலேயே இருக்கிறது. சிங்கிள் போல் எம்சிபி ஃபேஸை மட்டும்தான் வெட்டும். நியூட்ரல் லிங்கில் (நியூட்ரல் ஒயர்கள் சேரும் பட்டை) எல்லா நியூட்ரலும் மாட்டியபடியே இருக்கும்.

இப்போது வீட்டுக் கரண்டு. இந்தக் கோளாறு வண்டிக்குள்ளே இருக்கும்போது, வீட்டு சாக்கெட்டில் எர்த்து ஒழுங்காக இருந்தால் அங்கேயும் விழுந்தாகவேண்டும். விழவில்லை என்றால் அந்த சாக்கெட்டில் எர்த்து இல்லை. வண்டி நான்கு ரப்பர் டயர் மேல் நிற்கிறது, கரண்டுக்கு மண்ணுக்குப் போக வழியில்லை. மழை நாளில் இரும்பு ஜாக் ஈர மண்ணில் பதிந்ததும் வழி கிடைத்தது. வீட்டு நியூட்ரல் மண்ணைவிட 2, 3 வோல்ட் மேலே இருப்பது சகஜம். ஜாக்குக்கும் மண்ணுக்கும் நடுவே 100 ஓம் இருந்தால் 20 முதல் 30 மில்லிஆம்பியர். சரியாக விழும் எல்லை. அந்த ஒரு வரி நீங்கள் எழுதியிருக்காவிட்டால் நானும் ஜெனரேட்டரையே சுற்றி வந்திருப்பேன்.

இதில் ஆபத்து எங்கே என்றால், எர்த்து இல்லாத சாக்கெட், வண்டிக்குள் நியூட்ரலும் சேஸிஸும் ஒட்டியிருக்கிறது. போகிற இடத்தில் ஏதோ ஒரு ஹோம்ஸ்டே சாக்கெட்டில் ஃபேஸும் நியூட்ரலும் மாறியிருந்தால் வண்டியின் மொத்த பாடியும் 230 வோல்ட்டில் நிற்கும். வெறுங்காலோடு தரையில் நின்று கதவைத் தொடுபவர் வழியாகத்தான் மின்சாரம் போகும், அதற்குப் பிறகுதான் ஆர்சிசிபி விழும்.

சோதனை இது. வெளி ப்ளக்கை உருவுங்கள், ஜெனரேட்டர் ஆஃப், சேஞ்சோவர் 0இல், ஆர்சிசிபி ஆஃப், இன்வெர்ட்டரை ஆஃப் செய்து பேட்டரி ஐசோலேட்டரையும் திருப்பிவிடுங்கள். மீட்டரை முதலில் ஏசி வோல்ட்டில் வைத்து எங்கும் சப்ளை இல்லை என்று உறுதி செய்துகொண்டு, பிறகு ஓமுக்கு மாற்றி நியூட்ரல் லிங்குக்கும் எர்த்து லிங்குக்கும் நடுவே அளந்து பாருங்கள். மெகாஓமில் காட்டவேண்டும். ஒரு ஓம், அரை ஓம் என்று காட்டினால் நியூட்ரல் ஒயர்களை லிங்கில் இருந்து ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது அளவு தாவுகிறதோ அதுதான். கழற்றும் முன் ஒவ்வொன்றிலும் டேப் ஒட்டிப் பெயர் எழுதிவிடுங்கள், திரும்ப மாட்டும்போது குழம்பாமல் இருக்கும்.

வீட்டு சாக்கெட்டைத் தனியாகப் பாருங்கள், வண்டியைச் சொருகாமல். ஃபேஸ்-எர்த்து 230 அருகிலும், நியூட்ரல்-எர்த்து ஓரிரு வோல்ட்டும் காட்டவேண்டும். வண்டியைச் சொருகிவிட்டு உள்ளே அளந்தால் ஏமாந்துவிடுவீர்கள். உள்ளே இருக்கும் ஒட்டு, எர்த்தை நியூட்ரலோடு இழுத்துப் பிடித்திருப்பதால் எல்லாம் சரியாக இருப்பதுபோலக் காட்டும்.

பீன்யா ஒயர்மேன்:

டாங்டெஸ்டர் சார் சொன்னது சரிதான். ஆனா எனக்கு கீசர் மேலதான் சந்தேகம். இங்க போர்வெல் தண்ணி, உப்பு ஜாஸ்தி. எலிமென்ட் மேல சுண்ணாம்பு படிஞ்சு, சூடு வெளிய போக முடியாம உறை வெடிச்சுரும். உள்ள இருக்கிற மெக்னீசியம் ஆக்ஸைடு பவுடர் ஈரத்தை இழுத்துக்கும். நியூட்ரல் பக்கம் வெடிச்சா எம்சிபி ஆஃப்ல இருந்தாலும் ஆர்சிசிபி விழும், இவர் சொல்ற அதே அறிகுறி.

கீசர் டெர்மினல்ல ரெண்டு ஒயரையும் கழட்டிட்டு பாருங்க. எலிமென்ட் ரெண்டு முனைக்கும் நடுவுல 2000 வாட்டுக்கு 26 ஓம் வரணும். அது வந்தா எலிமென்ட் அறுந்து போகலைன்னு மட்டும்தான் தெரியும், லீக் தெரியாது. லீக்குக்கு 500 வோல்ட் மெகர் (இன்சுலேஷன் அளக்கிற மீட்டர்) வேணும், எலிமென்ட்டுக்கும் பாடிக்கும் நடுவுல. 1 மெகாஓமுக்கு மேல வரணும். சாதா மீட்டர் 9 வோல்ட் பேட்டரில அளக்கும், ஈரம் புடிச்ச எலிமென்ட் அதுல நல்லாத்தான் காட்டும்.

ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க. மெகர் போடும்போது இன்வெர்ட்டர், ஃபிரிட்ஜ், டிவி, ஏசி எல்லாத்தையும் கழட்டிடணும். 500 வோல்ட் போர்டுக்குள்ள போச்சுன்னா புதுசா ஒரு செலவு.

அப்புறம், ஆர்சிசிபி டெஸ்ட் பட்டன் அமுக்கினா விழுது, அதனால எர்த்து நல்லா இருக்குன்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க. அந்த பட்டன் உள்ளுக்குள்ள ஃபேஸ்ல இருந்து நியூட்ரலுக்கு ஒரு ரெசிஸ்டர் வழியா சுத்தி விடுறது. எர்த்தே இல்லைனாலும் விழும்.

கேவிஏ:

இரண்டாவது தொல்லையை நான் எடுத்துக்கொள்கிறேன். அது தனிக் கதை, ஆர்சிசிபியோடு சம்பந்தமில்லை.

பிரேக்கர் எத்தனை நேரம் கழித்து விழுகிறது என்பதே பாதி விடையைச் சொல்லிவிடும். போட்ட கணமே விழுந்தால் ஷார்ட் அல்லது கம்ப்ரசர் ஸ்டார்ட்டிங். சி வகை எம்சிபி 5 முதல் 10 மடங்குக்குத்தான் உடனே விழும், 16 ஆம்பியருக்கு அது 80 முதல் 160. பத்து, இருபது நிமிடம் கழித்து விழுந்தால் உள்ளே இருக்கும் பைமெட்டல் (சூட்டில் வளையும் இரட்டை உலோகப் பட்டை) மெல்லச் சூடாகி வளைந்திருக்கிறது. அதாவது ஓவர்லோடு, இல்லை லூஸ் டெர்மினல், இல்லை சுற்றுச்சூடு. பெரும்பாலும் மூன்றும் கொஞ்சம் கொஞ்சம்.

உங்கள் கணக்கைப் போடுவோம். இரவு தங்கினீர்கள், பேட்டரி இறங்கிவிட்டது. காலையில் ஜெனரேட்டர் போட்டதும் சார்ஜர் 60 ஆம்பியரும் இழுக்கிறது. லித்தியம் என்பதால் நிரம்பும் நேரம் வரை குறைக்கவே குறைக்காது. 60 ஆம்பியர் பெருக்கல் 14.2 வோல்ட் 852 வாட். சார்ஜரின் திறன் 85 சதவீதம் என்றால் உள்ளே போவது 1000 வாட். வீட்டு இன்வெர்ட்டர் சார்ஜரில் பவர் ஃபேக்டர் (விஏவில் எத்தனை பங்கு வாட் என்பது) 0.7 அளவில் இருக்கும். ஆக 1430 விஏ, 230 வோல்ட்டில் 6.2 ஆம்பியர். வாட்டை மட்டும் பார்த்து 4 ஆம்பியர்தானே என்று நினைத்துவிடுவோம், அங்கேதான் சறுக்கல். 1 டன் ஏசி 5.5, ஃபிரிட்ஜ் 0.6. மொத்தம் 12.3.

12 ஆம்பியர் பிரேக்கருக்கு 12.3 பெரிய விஷயம் இல்லை, குளிர்ந்த இடத்தில் இருந்தால் மணிக்கணக்கில் தாங்கும். ஆனால் அது இருப்பது மூடிய பெட்டிக்குள், சூடான எஞ்சின் பக்கத்தில். பெட்டிக்குள் 55, 60 டிகிரி சாதாரணம். பைமெட்டலுக்கு வெளிச்சூடும் ஒன்றுதான், கரண்டுச் சூடும் ஒன்றுதான். பாதி வளைந்த நிலையிலேயே தொடங்குகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. பெங்களூரு கடல்மட்டத்தில் இருந்து 900 மீட்டருக்கு மேல். கார்புரேட்டர் எஞ்சின் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் சுமார் 3.5 சதவீதம் இழக்கும். இங்கேயே 10 சதவீதம் போய்விட்டது, உங்கள் 2.8 இங்கே 2.5 கேவிஏதான், 11 ஆம்பியர். அதற்கு மேல் ஏற்றினால் எஞ்சின் திணறி வோல்டேஜ் இறங்கும், வோல்டேஜ் இறங்கினால் கம்ப்ரசர் அதே வேலைக்கு இன்னும் கூடுதல் கரண்டு இழுக்கும்.

12க்குப் பதில் 16 போட்டால் பிரேக்கர் விழாது. அதற்குப் பதில் ஆல்டர்னேட்டர் வைண்டிங் கருகும். அந்த 12 வைத்தது கேபிளுக்காக மட்டும் அல்ல.

செய்யவேண்டியது: இன்வெர்ட்டரில் சார்ஜிங் கரண்டு செட்டிங் இருக்கிறதா பாருங்கள், பின்பக்கம் சின்ன ஸ்விட்ச் அல்லது மெனு. 25க்கு இறக்குங்கள். சார்ஜர் பங்கு 2.6 ஆம்பியராகிவிடும், மொத்தம் 8.7. கீசர் 8.7 ஆம்பியர், அதை ஏசியோடு சேர்த்து ஜெனரேட்டரில் போடவே கூடாது. இரண்டுக்கும் ஒரே 1-0-2 செலக்டர் ஸ்விட்ச் வைத்துவிட்டால், வண்டியில் யார் இருந்தாலும் இரண்டையும் சேர்த்துப் போட முடியாது. வாயால் சொல்லி வைப்பது நான்கு நாள்தான் நிற்கும்.

ஏசி நின்ற உடனே திரும்பப் போடாதீர்கள். கேஸ் அழுத்தம் சமமாக 3 நிமிடம் வேண்டும். அதற்குள் போட்டால் கம்ப்ரசர் சுற்றாமல் முனகும், 1 டன்னுக்கு 25, 30 ஆம்பியர் வரை இழுத்தபடி நிற்கும். டைம் டிலே உள்ள ஸ்டெபிலைசர் இருந்தால் அதுவே பார்த்துக்கொள்ளும்.

சக்கரவீடு (ஹெப்பால்):

மூன்று பேருக்கும் நன்றி. அளந்த விவரம் இதோ.

நியூட்ரல்-எர்த்து லிங்க் நடுவே 0.6 ஓம். கீசர் நியூட்ரலைக் கழற்றினேன், மாறவில்லை. கீசர் மெகரில் 0.8 மெகாஓம், எலிமென்ட் 26.3 ஓம். ஏசி, சாக்கெட் நியூட்ரலைக் கழற்றியும் 0.6தான். இன்வெர்ட்டர் இன்புட் நியூட்ரலைக் கழற்றியதும் மீட்டர் ஓப்பன் காட்டியது. அதைப் பின்தொடர்ந்து போனால், இன்வெர்ட்டர் அவுட்புட் சின்ன டிபிக்குள் நியூட்ரல் லிங்கில் இருந்து எர்த்து லிங்குக்கு ஒரு பச்சை ஒயர் ஜம்பர். கேட்டதற்கு, வண்டி ஓடும்போது இன்வெர்ட்டருக்கு எர்த்து வேண்டுமே, அதற்காகப் போட்டது என்கிறார்.

வீட்டு சாக்கெட், வண்டி இல்லாமல்: ஃபேஸ்-நியூட்ரல் 234, ஃபேஸ்-எர்த்து 118, நியூட்ரல்-எர்த்து 104, நிற்காமல் ஆடுகிறது. சாக்கெட்டைக் கழற்றிப் பார்த்தால் எர்த்து ஒயர் பின்னால் மடங்கிக் கிடக்கிறது, டெர்மினலில் மாட்டவே இல்லை. எலக்ட்ரீசியன் வந்து மாட்டினார். நியூட்ரல்களை எல்லாம் திரும்ப மாட்டி, ஜம்பரோடு வண்டியைச் சொருகி ஃபேனைப் போட்டேன், டாங்டெஸ்டர் சார் சொன்னபடி வீட்டிலும் உடனே விழுந்தது.

ஜெனரேட்டரில் டாங் டெஸ்டர் (ஒயரைக் கவ்விக் கரண்டை அளக்கும் மீட்டர்) அளவு: ஏசியும் சார்ஜரும் சேர்ந்து 12.6 ஆம்பியர், வோல்டேஜ் 207. சார்ஜிங்கை 25க்கு இறக்கியபின் 8.9 ஆம்பியர், 224 வோல்ட்.

ஜம்பரை வெட்டி எறிந்துவிட்டால் போதுமா? அப்போது வண்டி ஓடும்போது இன்வெர்ட்டரில் எர்த்து இருக்காதே?

டாங்டெஸ்டர்:

அவர் சொன்ன காரணம் தவறு அல்ல, போட்ட இடமும் விதமும்தான் தவறு. எந்த சப்ளைக்கும் நியூட்ரல்-எர்த்து இணைப்பு ஒரே ஒரு இடத்தில் இருக்கவேண்டும், அதுவும் சப்ளை பிறக்கும் இடத்தில். வீட்டுக் கரண்டுக்கு அது வெளியே, விநியோகப் பக்கத்தில் இருக்கிறது. ஜெனரேட்டருக்கு ஜெனரேட்டரிலேயே. இன்வெர்ட்டர் தானே மின்சாரம் கொடுக்கும்போது அங்கே. வீட்டு வகை இன்வெர்ட்டரில் நியூட்ரல் உள்ளே வெட்டப்படாமல் நேராகப் போகிறது. அதனால் அவுட்புட்டில் போட்ட ஜம்பர், வெளிக் கரண்டு வரும்போதும் மெயின் நியூட்ரலில் போட்டது போலவே ஆகிவிடுகிறது.

முறையான தீர்வு, கேரவனுக்கென்று வரும் இன்வெர்ட்டர்-சார்ஜர். அதில் கிரவுண்ட் ரிலே உள்ளேயே இருக்கும். வெளிக் கரண்டு இல்லாதபோது இணைக்கும், வந்ததும் பிரிக்கும், நியூட்ரலையும் சேர்த்தே வெட்டும். விலை உதைக்கும்.

இருப்பதை வைத்துச் செய்வதானால், 230 வோல்ட் காயில் கொண்ட ஒரு கான்டாக்டர் (காயிலில் கரண்டு வந்தால் தானே மாறும் ஸ்விட்ச்), சும்மா இருக்கும்போது மூடியிருக்கும் காண்டாக்ட் உள்ளதாக. அந்தக் காண்டாக்ட் வழியாக இன்வெர்ட்டர் அவுட்புட் நியூட்ரலும் எர்த்தும் சேரட்டும். காயிலுக்கு சப்ளையை ஆர்சிசிபிக்கு மேலே, சேஞ்சோவர் அவுட்புட்டில் இருந்து 2 ஆம்பியர் எம்சிபி வழியாக எடுங்கள். கீழே எடுத்தால், காயில் இழுக்கும் அந்த ஒரு கணத்தில் இணைப்பு இன்னும் பிரிந்திருக்காது, ஆர்சிசிபி விழ வாய்ப்பு உண்டு. இதில் ஒரு குறை இருக்கிறது: வெளிக் கரண்டு இருக்கும்போது ஆர்சிசிபி விழுந்தால், காயில் இழுத்தபடியே இருக்கும், இன்வெர்ட்டர் இணைப்பு இல்லாமல் ஓடும். அந்த நிலையில் ஒரு கோளாறு மட்டும் இருந்தால் ஷாக் வராது, இரண்டாவதும் சேர்ந்தால் வரும். அதனால் ஆர்சிசிபி விழுந்தால் இன்வெர்ட்டரையும் ஆஃப் செய்துவிட்டுத் தேடுங்கள்.

இன்வெர்ட்டர் அவுட்புட்டில் தனியாக 25 ஆம்பியர் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று கட்டாயம் வேண்டும். வண்டி ஓடும்போது மெயின் ஆர்சிசிபி வெறும் பார்வையாளர்தான், அதன் வழியாக எதுவும் போவதில்லை. அந்த கான்டாக்டர் இணைப்பு இன்வெர்ட்டருக்கும் இந்தப் புது ஆர்சிசிபிக்கும் நடுவே வரவேண்டும். ஆர்சிசிபிக்குக் கீழே போட்டால் பழைய கதை திரும்பிவிடும். ஏ டைப் வாங்குங்கள். டிவி, சார்ஜர் போன்ற எலக்ட்ரானிக் சாமானில் வரும் கசிவு சுத்தமான ஏசி (மாறுமின்) அலையாக இருக்காது, ஏசி டைப் ஆர்சிசிபி அதைச் சரியாகப் பிடிக்காது. பெட்டியில் ஐஎஸ் 12640 (ஆர்சிசிபிக்கான இந்தியத் தரம்) குறி இருக்கிறதா பாருங்கள்.

கீசர் 0.8 மெகாஓம்: 230ஐ 0.8 மெகாவால் வகுத்தால் 0.29 மில்லிஆம்பியர். இன்றைய தொல்லைக்கு அது காரணம் இல்லை.

பீன்யா ஒயர்மேன்:

ஒத்துக்கிறேன், கீசர் இல்லை. ஆனா 1 மெகாஓமுக்குக் கீழ இருக்குல்ல, அதை அப்படியே விடாதீங்க. ரொம்ப நாள் ஓட்டாம இருந்து ஈரம் புடிச்சிருந்தா, எர்த்து நல்லா இருக்கிற வீட்டு சாக்கெட்ல அரை மணி ஓட்டுங்க, ஆறினப்புறம் மறுபடி மெகர் போடுங்க. ஏறினா சரி. இறங்கினா எலிமென்ட் மாத்திருங்க, கேஸ்கெட்டும் சேர்த்து.

சின்ன சின்ன எம்சிபி நாலையும் டபுள் போலா மாத்துறது நல்லது. ஹோம்ஸ்டேல போலாரிட்டி மாறியிருந்தா சிங்கிள் போல் ஆஃப் பண்ணினாலும் உள்ள சப்ளை இருக்கும். பி.வி.கே. ஐயங்கார் ரோட்டுல எல்லாம் கிடைக்கும். டிபில இடம் இல்லைன்னா ஒரு போல் ப்ளஸ் நியூட்ரல் ஒரே மாடுல் அகலத்துல வருது, அதைக் கேளுங்க.

டிபியைத் தொறந்திருக்கீங்கல்ல, ஒயர் முனை எல்லாம் பாருங்க. மல்டி ஸ்ட்ராண்ட் ஒயரை அப்படியே முறுக்கி எம்சிபில சொருகியிருந்தா பின் லக் (ஒயர் முனைக்கு மாட்டுற உலோகக் குச்சி) போட்டு கிரிம்ப் பண்ணுங்க. 2.5 ஸ்கொயர் எம்எம்முக்கு அதே அளவு லக். ஈயம் வச்சு பத்த வச்சிருந்தா வெட்டிருங்க. ஈயம் மிருதுவான உலோகம், ஸ்க்ரூ அழுத்தத்துல நாளாக நாளாக அமுங்கி லூஸ் ஆகும். வீட்டுல இது பத்து வருஷம் தாங்கலாம், வண்டி குலுக்கல்ல தாங்காது. லூஸ் ஆன டெர்மினல்ல வர்ற சூடே எம்சிபியை விழ வைக்கும், லோடு 6 ஆம்பியர்தான் இருந்தாலும். டெர்மினல் பக்கத்துல ப்ளாஸ்டிக் பழுப்பு நிறமா இருந்தா அந்த எம்சிபியைத் தூக்கிப் போட்டுட்டு புதுசு மாட்டுங்க, ஸ்க்ரூ மட்டும் டைட் பண்ணிட்டு விடாதீங்க.

சக்கரவீடு (ஹெப்பால்):

ஏசி எம்சிபியின் கீழ் டெர்மினல் பழுப்பாகத்தான் இருக்கிறது, மாற்றிவிடுகிறேன். ஜம்பரை எடுத்தேன். இப்போது லிங்க் நடுவே மீட்டர் ஓப்பன். ஆர்சிசிபி வழியாக ஜெனரேட்டரில் ஏசி, ஃபிரிட்ஜ், 25 ஆம்பியர் சார்ஜிங் எல்லாம் ஒன்றரை மணி நேரம் ஓடியது, எதுவும் விழவில்லை. கான்டாக்டர் வேலை அடுத்த வாரம். அதுவரை வண்டி ஓடும்போது இன்வெர்ட்டரில் 12 வோல்ட் லைட் தவிர மற்றதைப் பயன்படுத்தலாமா? அடுத்த மாதம் ஊட்டி போகிறோம், அங்கே இந்த ஜெனரேட்டர் ஏசியைத் தாங்குமா?

டாங்டெஸ்டர்:

12 வோல்ட் லைட் இன்வெர்ட்டரில் ஓடாது, நேராக பேட்டரியில் ஓடும், அதற்கு இந்தப் பேச்சே வேண்டாம். கான்டாக்டர் வரும்வரை ஓட்டத்தில் ஃபிரிட்ஜ் மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். இரும்பு பாடி உள்ள இரண்டாவது சாமானைச் சேர்க்காதீர்கள்.

கேவிஏ:

ஊட்டி 2,240 மீட்டர். கணக்குப்படி 26 சதவீதம் போய்விடும், 2.8 கேவிஏ 2.1 ஆகும், 9 ஆம்பியர். ஊட்டியில் ஏசி எதற்கு என்று கேட்கமாட்டேன், ஆனால் அங்கே நீங்கள் போடப்போவது கீசர். அது தனியாகவே 8.7. சார்ஜரை ஆஃப் செய்துவிட்டு கீசரை மட்டும் போடுங்கள், 10 லிட்டருக்கு 15 நிமிடம் போதும், பிறகு சார்ஜர். காற்று மெல்லியதாக இருப்பதால் பெட்ரோல் கலவை கொழுத்துப்போய் கரும்புகை வரும், ஸ்பார்க் பிளக் கரி பிடிக்கும். உபரி பிளக் ஒன்று எடுத்துப் போங்கள். குளிருக்கு ஜன்னலை எல்லாம் அடைத்துவிட்டு ஜெனரேட்டரை ஓட்டாதீர்கள். புகைக்குழாய் பக்கம் காற்று வாட்டம் எப்படி என்று பார்த்து வண்டியை நிறுத்துங்கள், உள்ளே கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று இருக்கட்டும். அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது.

பீன்யா ஒயர்மேன்:

பைபாஸ் ஒயரைக் கழட்டினீங்களா, இல்ல ஒரு முனையை மட்டும் எடுத்து டேப் சுத்தி வச்சிருக்கீங்களா?

சக்கரவீடு (ஹெப்பால்):

டேப் சுற்றித்தான் வைத்திருந்தேன். இப்போது போய் முழுதாக உருவிவிட்டேன்.